மிகைப்பயிற்சி என்று சொல்வதற்கு முன்

பள்ளிகளில் பணிபுரியும் உடற்கல்வி ஆசிரியர்களுக்கும், தடகளம், கபடி, கிரிக்கெட், நீச்சல் என்று பிள்ளைகளைப் பழக்கும் பயிற்சியாளர்களுக்கும்,

‘ஓவர் ட்ரெயினிங்’ என்ற சொல் நம் மைதானங்களுக்கு வந்து வெகுகாலம் ஆகிவிட்டது. தமிழில் எழுதும்போது மிகைப்பயிற்சி என்கிறோம். ஆனால் அது யார் வாயில், எந்த இடத்தில் புழங்குகிறது என்று கவனித்தால் ஒரு விநோதம் தென்படும். மார்புக்கும் தோளுக்கும் ஒரே நாளில் எடை தூக்கினால் ‘ஓவர் ட்ரெயின்’ ஆகிவிடும் என்று, வாரத்துக்கு நான்கு மணிநேரம்கூட ஜிம் பக்கம் வராதவர் பக்கத்தில் இருப்பவரை எச்சரிக்கிறார். காலையும் மாலையும் ஓடிவிட்டு நடுவில் பள்ளிக்கும் போய்வரும் பதினாறு வயதுப் பெண்ணுக்கு 800 மீட்டர் நேரம் மூன்று மாதமாகக் கூடிக்கொண்டே போனால், அந்தச் சொல்லை எவரும் எடுப்பதில்லை. அவளுக்கென்று வேறு பேச்சுகள் இருக்கின்றன. ‘கவனம் சிதறிடுச்சு’, ‘மனசு கிரவுண்டுல இல்ல’, ‘உடம்பு வளைய மாட்டேங்குது.’ சொல் தேவைப்படாத இடத்தில் தாராளமாகவும், தேவைப்படும் இடத்தில் பஞ்சமாகவும் இருக்கிறது.

இதை வெறும் பேச்சுவழக்குக் குறை என்று விட்டுவிட முடியாது. மிகைப்பயிற்சி என்பதை நாம் ஓர் அளவின் பெயராக எடுத்துக்கொண்டிருக்கிறோம். இத்தனை கிலோமீட்டரைத் தாண்டினால், இத்தனை மணிநேரத்தைத் தாண்டினால் மிகை என்பது நம் மனக்கணக்கு. விளையாட்டு மருத்துவம் அந்தப் பெயரால் சுட்டுவது வேறு. உடம்பு செய்யும் செலவுக்கும் அதற்குக் கிடைக்கும் வரவுக்கும் இடையே வாரக்கணக்கில், மாதக்கணக்கில் நீண்டுவிட்ட பற்றாக்குறையை அது குறிக்கிறது. பயிற்சி செலவுப் பக்கத்தில் ஒரு வரி மட்டுமே. தூக்கம், சோறு, ஓய்வுநாள், காய்ச்சல், தேர்வு பயம், வீட்டுச் சண்டை எல்லாம் அதே கணக்கில் ஏறுகின்றன. அளவை மட்டும் பார்ப்பதால், நிறைய பயிற்சி செய்தும் நலமாக இருப்பவரைச் சந்தேகிக்கிறோம். கொஞ்சமாகப் பயிற்சி செய்தும் சரிந்துகொண்டிருப்பவரைத் திட்டுகிறோம். சொல்லை அதற்குரிய பொருளில் வைத்துக்கொண்டால், பிள்ளையிடம் கேட்க வேண்டிய கேள்வி மாறும் என்பதே என் வாதம்.

அளவின் பெயராக அது தொடங்கியதற்கு ஒரு வரலாறு உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டு இங்கிலாந்தில், ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான படகுப்போட்டியை ஒட்டி இந்தப் பேச்சு வலுத்தது. 1867இல் லண்டன் அறுவை மருத்துவர் ஃபிரடெரிக் ஸ்கே ‘தி டைம்ஸ்’ நாளிதழுக்கு மடல் எழுதி, இந்தப் போட்டி இளைஞர்களின் உடம்பைக் கெடுக்கிறது என்று எச்சரித்தார். இதயம் பெருத்துவிடும், ஆயுள் குறையும் என்ற அச்சம் பெற்றோரிடையே பரவியது. பதில் சொல்ல ஜான் மார்கன் என்ற மருத்துவர் ஒரு பெரிய வேலையை எடுத்துக்கொண்டார். 1829 முதல் 1869 வரை அந்தப் போட்டியில் துடுப்பு வலித்தவர்களைத் தேடிப்பிடித்து, இறந்துபோனவர்களின் உறவினர்களுக்கும் எழுதிக் கேட்டு, 1873இல் புத்தகமாக வெளியிட்டார். துடுப்பு வலித்தவர்கள் சராசரி ஆயுளைவிடச் சற்றுக் கூடுதலாகவே வாழ்ந்தார்கள் என்பது அவர் கண்டது. வசதியான வீட்டுப் பிள்ளைகள் வசதியாக வாழ்ந்ததும் அதில் கலந்திருக்கும் என்று இன்றைய வாசகர் சொல்லலாம், சரிதான். ஆனாலும் ‘அதிகம் உழைத்தால் உடம்பு கெடும்’ என்ற பொதுவான அச்சத்துக்கு எதிராக எண்ணிக்கையை நிறுத்திய முதல் முயற்சிகளில் அது ஒன்று. அன்றைய பயிற்சியாளர்கள் தங்களுக்குள் வேறொரு சொல்லையும் வைத்திருந்தார்கள். நன்றாக இருந்த வீரன் காரணம் புரியாமல் மந்தமாகிவிட்டால், நாள்பட்ட ரொட்டியைச் சொல்வதுபோல அவன் ‘ஸ்டேல்’ ஆகிவிட்டான் என்பார்கள். அச்சப்பட்டவர்களின் சொல்லைவிட இந்தப் பயிற்சியாளர்களின் சொல் உண்மைக்கு நெருக்கமானது என்பது என் எண்ணம். அது காரணத்தை முன்கூட்டியே தீர்மானிக்கவில்லை. கண்ணால் கண்ட நிலையை மட்டும் சொன்னது.

இன்றைய வரையறைக்கு வருவோம். ஐரோப்பிய விளையாட்டு அறிவியல் கல்லூரியும் அமெரிக்க விளையாட்டு மருத்துவக் கல்லூரியும் சேர்ந்து 2013இல் ஒரு பொது அறிக்கை வெளியிட்டன. அதன்படி, கடுமையாகப் பயிற்சி செய்தபின் சில நாள் செயல்திறன் குறைவது இயல்பு. ஓய்வு கொடுத்தால் உடம்பு முன்பிருந்ததைவிட மேலான நிலைக்கு எழும். பயிற்சி என்ற ஏற்பாடே இதை நம்பித்தான் நடக்கிறது. முகாம் முடிந்த வாரம் பிள்ளை துவண்டு கிடந்து, அடுத்த வாரம் சிறந்த நேரம் ஓடினால் அங்கே எந்தக் கோளாறும் இல்லை. அடுத்த நிலையில், சரிவு வாரக்கணக்கில் நீடிக்கிறது. எழும்போதும் பழைய இடத்துக்குத்தான் வருகிறது, மேலே போவதில்லை. பயிற்சியும் வீண், காலமும் வீண். அதையும் தாண்டி, மாதக்கணக்கில் மீள முடியாமல் தூக்கமும் மனநிலையும் பசியும் குலைந்துபோவதைத்தான் மிகைப்பயிற்சி நோய்த்தொகுதி என்கிறார்கள். மூன்றுக்கும் இடையே கோடு போட்டுக் காட்டும் இரத்தப் பரிசோதனை எதுவும் இல்லை. எந்த நிலையில் இருந்தார் என்பது பெரும்பாலும் மீண்டு வர எவ்வளவு காலம் பிடித்தது என்பதை வைத்தே பின்னால் தெரிகிறது. அறிக்கை இன்னொன்றையும் வெளிப்படையாகச் சொல்கிறது: நோய்த்தொகுதி என்று பெயர் வைத்ததற்குக் காரணமே, இது பல காரணங்களால் வருவது, பயிற்சி மட்டுமே காரணமாக இருக்க வேண்டியதில்லை என்பதுதான். பெயரில் பயிற்சியை வைத்துவிட்டு, பயிற்சி மட்டும் காரணமில்லை என்று அடியில் குறிப்பெழுத வேண்டியிருப்பது அந்தப் பெயரின் சங்கடம்.

இந்தச் சங்கடத்தைத் தீர்க்கப் பிரிட்டனில் ஒரு முயற்சி நடந்தது. 1984 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கில் படகோட்டத்தில் தங்கம் வென்ற அணியில் ஒருவரும், பிறகு விளையாட்டு மருத்துவரானவருமான ரிச்சர்ட் பட்ஜெட், தன் சகாக்களுடன் 2000இல் எழுதிய கட்டுரையில் பெயரையே மாற்றச் சொன்னார். போதிய ஓய்வுக்குப் பிறகும் செயல்திறன் திரும்பாமல், மருத்துவக் காரணமும் கண்டுபிடிக்க முடியாமல் இருந்தால், அதைக் ‘காரணம் தெரியாத செயல்திறன் வீழ்ச்சி’ என்று அழைப்போம் என்றார்கள். பெயர் நாவில் உருளாது. உலகம் முழுவதும் பரவவும் இல்லை. ஆனால் அதிலுள்ள நேர்மையைப் பாருங்கள். வீழ்ச்சி நடந்திருக்கிறது, அது கைக்கடிகாரத்தில் தெரிகிறது. காரணம் இன்னும் தெரியவில்லை. இந்த இரண்டைத்தான் அந்தப் பெயர் சொல்கிறது. ‘மிகைப்பயிற்சி’ என்று முதல் நாளே சொல்லிவிட்டால் தேடல் அங்கேயே முடிந்துபோகிறது. இரத்தசோகை இருக்கலாம். தைராய்டு இருக்கலாம். டெங்குவோ டைபாய்டோ வந்துபோன பின் மிச்சமிருக்கும் சோர்வாக இருக்கலாம். நம் ஊரில் காசநோயையும் மறந்துவிடக் கூடாது. மனச்சோர்வும் இதே முகத்தோடுதான் வரும். இவை எல்லாவற்றையும் மருத்துவர் பார்த்துத் தள்ளிய பிறகு, கடைசியில் வைக்க வேண்டிய பெயரை நாம் முதலிலேயே வைத்துவிடுகிறோம், அல்லது வைக்கவே மறுத்துவிடுகிறோம்.

அதே சொல்லின் கீழ் நாம் திணித்துவிடும் இன்னும் இரண்டு சங்கதிகளையும் பிரித்துவிட வேண்டும். ஒன்று, ஒரே நாளில் நிகழும் அத்துமீறல். 2011 ஜனவரியில் அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகக் கால்பந்து அணி, அதாவது அவர்கள் ஊர்க் கால்பந்து, மூன்று வார விடுமுறை முடிந்து திரும்பியதும், தங்களால் தூக்க முடிந்த உச்ச எடையில் பாதியைத் தோளில் வைத்து 100 முறை உட்கார்ந்தெழும் பயிற்சியைச் செய்தது. 13 வீரர்கள் மருத்துவமனைக்குப் போனார்கள். தசைநார்கள் சிதைந்து அவற்றின் உள்ளடக்கம் இரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தைத் தாக்கும் நிலை அது. சிறுநீர் கோலா நிறத்தில் போகும். வலிமையான, பழகிய உடம்புகள்தான். கெடுத்தது இடைவெளிக்குப் பிறகு வந்த திடீர் ஏற்றம். தாமதமாக வந்ததற்கும் தோற்றதற்கும் தண்டனையாக நூற்றுக்கணக்கில் தோப்புக்கரணமும் ‘டக் வாக்’கும் போடவைக்கும் வழக்கம் நம்மிடம் இன்னும் இருப்பதால் இதைச் சொல்கிறேன். அதை மிகைப்பயிற்சி என்று அழைப்பதுகூட அதற்குப் பயிற்சி என்ற கௌரவத்தைக் கொடுத்துவிடுகிறது.

மற்றொன்று, உடம்பின் ஒரே பகுதி தேய்வது. ஜப்பானின் கோஷியென் மைதானத்தில் கோடையில் நடக்கும் உயர்நிலைப்பள்ளி பேஸ்பால் போட்டியை அந்த நாடே பார்க்கும். 1998இல் டைசுகே மட்சுசாகா என்ற மாணவர் 17 இன்னிங்ஸ் நீண்ட ஓர் ஆட்டத்தில் 250 பந்துகளை எறிந்தார். நாடு கண்ணீர் மல்கக் கொண்டாடியது. 2018இல் கோசெய் யோஷிடா என்ற இன்னொரு மாணவர் அந்த ஒரே தொடரில் 881 பந்துகள் எறிந்தார். கொண்டாட்டம் அப்போதும் இருந்தது. ஆனால் கூடவே விவாதமும் எழுந்தது. 2020 முதல் ஒரு வாரத்துக்கு 500 பந்துகளுக்கு மேல் எறியக் கூடாது என்று ஜப்பான் உயர்நிலைப்பள்ளி பேஸ்பால் கூட்டமைப்பு வரம்பு வைத்தது. அமெரிக்காவில் 2014இல் வந்த வழிகாட்டி இன்னும் கறாரானது; ஒன்பது, பத்து வயதுப் பிள்ளைக்கு ஒரு நாளில் 75 பந்து, பதினேழு, பதினெட்டு வயதில் 105. இங்கே எண்ணிக்கைக்குப் பொருள் உண்டு. முழங்கையின் தசைநாருக்கும், வேகப்பந்து வீசும் சிறுவனின் கீழ்முதுகு எலும்புக்கும், எத்தனை முறை இழுபட்டோம் என்பதுதான் கணக்கு. அதனால்தான் இளம் வேகப்பந்து வீச்சாளர்களுக்கு வயதுவாரியாக ஓவர் வரம்பு வைக்கிறார்கள். இந்தத் தேய்மானக் காயத்தையும் முழு உடம்பும் மனமும் சரியும் மிகைப்பயிற்சி நோயையும் ஒரே பெயரால் அழைத்தால், ‘ஓவரைக் குறைத்தோமே, இன்னும் ஏன் சோர்வாக இருக்கிறான்’ என்று குழம்ப நேரிடும். ஓவரைக் குறைப்பது எலும்பைக் காக்கும். தூங்காத பிள்ளையைத் தூங்கவைக்காது.

இனி நம் மைதானத்துக்கு மிக நெருக்கமான இடம்: சோறு. பயிற்சிக்கு ஈடான உணவு கிடைக்காவிட்டால் உடம்பு தன் அத்தியாவசியமல்லாத வேலைகளை ஒவ்வொன்றாக நிறுத்தும். பெண்களுக்கு மாதவிடாய் தள்ளிப்போகும், நின்றும் போகும், எலும்பு பலவீனமாகும், நோய் எளிதில் தொற்றும், மனம் கசக்கும், ஓட்டம் மந்தமாகும். முதலில் பெண்களிடம் மட்டும் கவனிக்கப்பட்ட இந்தக் கூட்டுக்கோளாறு ஆண்களுக்கும் வரும் என்பதை ஏற்று, சர்வதேச ஒலிம்பிக் குழு 2014இல் அதற்கு விரிவான புதுப்பெயர் வைத்து, 2023இல் அறிக்கையைப் புதுப்பித்தது. மிகைப்பயிற்சியின் அறிகுறிப் பட்டியலையும் இதன் பட்டியலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் பெரும்பகுதி ஒன்றாகவே இருக்கும். 2021இல் இரண்டையும் ஒப்பிட்டு ஆராய்ந்தவர்கள், மிகைப்பயிற்சி என்று பதிவான நேர்வுகளில் பல உண்மையில் போதாத உணவின் விளைவாக இருக்கக்கூடும் என்ற முடிவுக்கே வந்தார்கள். மேலைநாட்டில் இது பெரும்பாலும் உடல்தோற்றத்துக்காகவோ எடைப்பிரிவுக்காகவோ பட்டினி கிடக்கும் வீரரின் கதை. நம்மிடம் கதை வேறு.

2019-21இல் எடுத்த ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் 15 முதல் 19 வயதுப் பெண்களில் 59.1 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை. மைதானத்தில் வரிசையாக நிற்கும் பத்துப் பெண்களில் ஐந்தாறு பேர் இரத்தத்தில் பிராணவாயுவைச் சுமக்கும் பொருள் குறைவாக இருக்க, அதே பிராணவாயுவை நம்பி நடக்கும் 1500 மீட்டர் ஓட்டத்துக்கு நிற்கிறார்கள் என்று இதற்குப் பொருள். வாராந்திர இரும்புச்சத்து மாத்திரை பள்ளியில் கொடுக்கப்படுகிறது. விழுங்கினாளா, வயிற்றைப் புரட்டுகிறதென்று துப்பினாளா என்பது பயிற்சியாளருக்குத் தெரிவதில்லை. சத்துணவை எடுத்துக்கொள்ளுங்கள். தமிழ்நாட்டுக்குப் பெருமை சேர்த்த அந்தத் திட்டம் பத்தாம் வகுப்போடு நின்றுவிடுகிறது. 2022இல் தொடங்கிய காலை உணவுத் திட்டம் தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளுக்கானது. ஒரு மாணவி மாநில அளவுக்குத் தகுதிபெறும் வயது பதினாறு, பதினேழு. அவளுடைய பயிற்சி இரட்டிப்பாகும் அதே ஆண்டில் பள்ளிச்சோறு அவள் தட்டிலிருந்து போய்விடுகிறது. காலை ஆறு மணிக்கு வெறும் வயிற்றில் கிரவுண்டு, எட்டரைக்கு டீயும் பன்னும், மதியம் வீட்டிலிருந்து வந்த கொஞ்சம் சோறு, மாலை மறுபடி கிரவுண்டு. இப்படி ஓடுபவளின் நேரம் கூடுவதை மிகைப்பயிற்சி என்றால், மருந்தாகப் பயிற்சியைத்தான் குறைப்போம். ஓட்டத்தைக் குறைத்தால் அவள் கொஞ்சம் தேறவும் கூடும், செலவு குறைந்ததால். பார்த்தீர்களா, நான் சொன்னது சரி என்று நாமும் திருப்திப்படுவோம். பசி அப்படியே இருக்கும்.

உங்களில் பலர் இந்த இடத்தில் மறுப்பீர்கள். முதல் மறுப்பு, இப்படி ஒரு சொல்லைப் பிள்ளைகள் கையில் கொடுத்தால் சோம்பலுக்குச் சாக்காகிவிடும் என்பது. கவலை நியாயமானது, ஜிம்மில் அது ஏற்கெனவே அப்படித்தான் ஆகியிருக்கிறது. ஆனால் சொல்லைத் தளர்வாக வைத்திருப்பதுதான் சாக்குக்கு இடம் கொடுக்கிறது. கறாரான பொருளில், செயல்திறன் அளந்து காட்டும்படி விழுந்திருக்க வேண்டும், போதிய ஓய்வுக்குப் பிறகும் திரும்பாமல் இருக்க வேண்டும், வேறு நோய் இல்லையென்று மருத்துவர் சொல்லியிருக்க வேண்டும். நேற்று கால் வலித்ததால் இன்று வரவில்லை என்பவர் இந்த மூன்றில் ஒன்றைக்கூடத் தாண்ட மாட்டார். இரண்டு வாரம் இலகுவாக விட்டதும் பிள்ளை பழையபடி துள்ளினால், அவருக்கு வேண்டியிருந்தது இரண்டு வார ஓய்வு, அவ்வளவுதான்.

இரண்டாவது மறுப்புக்கு வயதும் அதிகம், கவர்ச்சியும் அதிகம். உடம்பை வருத்தாமல் சாம்பியன் எப்படி வருவான்? எமில் ஸாடோபெக்கைச் சொல்வார்கள். 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் 5,000 மீட்டர், 10,000 மீட்டர், மாரத்தான் மூன்றிலும் தங்கம் வென்ற செக் நாட்டுக்காரர். 400 மீட்டரை ஒரே நாளில் பல பத்து முறை ஓடிப் பழகியவர். உண்மை. ஆனால் ஸாடோபெக் வளர்ந்த ஆண். தன் பயிற்சியைத் தானே வகுத்துக்கொண்டவர். அவரைப் பார்த்து அதே அளவை எடுத்துக்கொண்டு, பெயர் தெரியாமல் விலகிப்போனவர்களின் கணக்கை எந்த நூலும் எழுதவில்லை. மேலும், உச்சத்தில் இருக்கும் நெடுந்தூர வீரர்களின் பயிற்சியை ஆராய்ந்த ஸ்டீபன் சைலர் கண்டது, அவர்களுடைய பயிற்சியில் சுமார் 80 விழுக்காடு பேச்சுக்கொடுத்தபடி செய்யக்கூடிய இலகுவான வேகத்தில் இருக்கிறது என்பதுதான். அவர்கள் மிக அதிகம் ஓடுகிறார்கள். பெரும்பாலும் மெதுவாக ஓடுகிறார்கள். நம் கிரவுண்டில் ஒவ்வொரு நாளும் பந்தயம். ஐந்து கிலோமீட்டர் வார்ம் அப்பிலேயே யார் முதலில் வருவது என்று போட்டி வைப்பவர்கள் நாம்.

அதிகப் பயிற்சி என்றாலே ஆபத்து என்ற எதிர்த்திசை முடிவும் தவறு என்பதை இந்த இடத்தில் சேர்த்துச் சொல்வதுதான் நியாயம். ஆஸ்திரேலிய ஆய்வாளர் டிம் கேபட் 2016இல் எழுதிய கட்டுரையில், நீண்டகாலமாக அதிகச் சுமைக்குப் பழகிய உடம்பு காயத்திலிருந்து காக்கப்படுகிறது, திடீரென்று சுமையை ஏற்றுவதே கெடுக்கிறது என்று வாதிட்டார். அவர் பயன்படுத்திய விகிதக் கணக்கைப் பின்னால் வந்தவர்கள் கடுமையாக விமர்சித்தார்கள். விமர்சனத்தில் சாரம் உண்டு. ஆனால் திடீர் ஏற்றம் மோசம் என்ற பகுதியை அயோவாவே காட்டிவிட்டது. காலாண்டுத் தேர்வுக்காக மூன்று வாரம் கிரவுண்டை மூடிவிட்டு, மாவட்டப் போட்டிக்குப் பத்து நாள் இருக்கும்போது காலை மாலை இரண்டு வேளையும் வரச்சொல்வது நம் பள்ளிகளில் சாதாரணம். அந்தப் பத்து நாளைக் கூட்டிப்பார்த்தால் மொத்த அளவு ஒன்றும் பெரிதாக இருக்காது. ‘எங்க பசங்க அந்த அளவுக்குப் பயிற்சியே செய்யலையே’ என்று சொல்பவருக்கும் இதுவே பதில்.

இப்படி ஒரு நோய் உண்டா என்றே கேட்பவர்களும் இருக்கிறார்கள். கேட்டவர்கள் வெளியாட்கள் அல்லர்; ஷோனா ஹால்சன், அஸ்கர் யூகென்ட்ரூப் என்ற இரு விளையாட்டு அறிவியலாளர்கள் 2004இல் அதே கேள்வியைத் தலைப்பாக வைத்துக் கட்டுரை எழுதினார்கள். ஆய்வகத்தில் உருவாக்கிப் பார்க்க முடியாத நோய் இது. வீரர்களை வேண்டுமென்றே மாதக்கணக்கில் நாசமாக்கிப் பார்க்க எந்த அறநெறிக் குழுவும் அனுமதிக்காது. அதனால் ஆய்வுகளில் பெரும்பாலானவை சில வாரச் சோர்வைத்தான் அளந்தன. இந்த மறுப்பை நான் என் வாதத்துக்கு ஆதரவாகவே எடுத்துக்கொள்கிறேன். சான்று இவ்வளவு மெலிந்திருக்கும் ஒரு பெயரை, ஒரு பிள்ளையின் மேல் சட்டென்று ஒட்டுவது எப்படிச் சரியாகும்?

கடைசி மறுப்பு, வசதி. இதையெல்லாம் அளக்க எங்களிடம் ஆய்வகமா இருக்கிறது என்று கேட்பீர்கள். ஆய்வகம் வேண்டாம் என்பதுதான் இந்தத் துறையின் ஆச்சரியமான செய்தி. அமெரிக்க உளவியலாளர் வில்லியம் மார்கன் (படகுப்போட்டி மார்கன் வேறு) கல்லூரி நீச்சல் வீரர்களைப் பத்தாண்டுகள் கவனித்து 1987இல் எழுதினார்: பயிற்சி ஏற ஏற மனநிலை கலங்குகிறது, குறைத்தால் தெளிகிறது, கலக்கம் சுமையின் அளவோடு கூடவே நகர்கிறது. 2016இல் ஆனா ஸாவும் அவர் சகாக்களும் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்து, இரத்தத்திலும் இதயத்துடிப்பிலும் அளப்பதைவிட, வீரரே தன்னைப்பற்றிச் சொல்லும் பதில்தான் சுமையின் பாதிப்பை நன்றாகக் காட்டுகிறது என்று முடிவுசெய்தார்கள். எப்படித் தூங்கினாய், பசிக்கிறதா, உடம்பு எப்படி இருக்கிறது, வர மனசிருந்ததா. கேட்பதற்குக் காசில்லை. ஆனால் ‘நல்லா இருக்கேன் சார்’ என்பதைத் தவிர வேறு பதில் சொன்னால் அணியில் இடம் போய்விடும் என்று பிள்ளை நினைத்தால், இந்த அளவுகோல் அன்றே உடைந்துவிடும். விளையாட்டு ஒதுக்கீட்டில் கல்லூரி இடத்துக்காகச் சான்றிதழை எண்ணிக்கொண்டிருக்கும் குடும்பத்துப் பிள்ளைக்கு உண்மை சொல்வது இன்னும் கடினம்.

சுமையை எழுதிவைக்கவும் எளிய வழி உண்டு. கார்ல் ஃபாஸ்டர் 1990களில் பரப்பிய முறை அது. பயிற்சி முடிந்து கொஞ்ச நேரத்தில் ‘இன்றைக்கு எவ்வளவு கஷ்டம், பத்துக்கு எத்தனை’ என்று பிள்ளையைக் கேட்டு, அந்த எண்ணைப் பயிற்சி நடந்த நிமிடங்களால் பெருக்க வேண்டும். 60 நிமிடம், பத்துக்கு ஏழு என்றால் 420. ஏழு நாள் எண்களையும் ஒரு கோடிட்ட நோட்டில் எழுதினால் வாரத்தின் முகம் தெரிந்துவிடும். 1998இல் ஃபாஸ்டர் காட்டிய சுவையான விஷயம், மொத்த எண் மட்டும் முக்கியமில்லை, நாளுக்கு நாள் அது எவ்வளவு மாறுகிறது என்பதும் முக்கியம் என்பது. ஒரே மொத்தத்தை ஏழு நாளும் சமமாகப் பரப்பிய வாரம், இரண்டு நாள் கடுமையாகவும் மற்ற நாள் இலகுவாகவும் வைத்த வாரத்தைவிடக் கெடுதல். சலிப்பும் சுமையும் சேர்ந்து ஏறிய வாரங்களை ஒட்டித்தான் வீரர்களுக்குச் சளியும் காய்ச்சலும் வந்தன. பின்னொரு ஆய்வில் அவர் கண்டது நமக்கென்றே எழுதியதுபோல இருக்கும். பயிற்சியாளர் இலகு என்று நினைத்த நாளில் வீரர்கள் அவர் நினைத்ததைவிடக் கடுமையாக உழைத்தார்கள். கடுமை என்று நினைத்த நாளில் அவ்வளவு உழைக்கவில்லை. ரெஸ்ட் கொடுத்துவிட்டதாக நாம் மனதில் வைத்திருக்கும் நாளைப் பிள்ளையின் எண்ணைக் கேட்காமல் ரெஸ்ட் என்று நம்ப முடியாது.

ஆகவே உங்களிடம் வைக்கும் கோரிக்கை சிறியது. ஒரு பிள்ளையின் நேரமோ தூரமோ மூன்று வாரத்துக்கு மேல் சரிந்தால், நோட்டில் ‘மிகைப்பயிற்சி’ என்றோ ‘ஆர்வமில்லை’ என்றோ எழுதாதீர்கள். ‘சரிவு, காரணம் தெரியவில்லை’ என்று எழுதி, தேதியைப் போடுங்கள். அதற்குக் கீழே, கடைசி நான்கு வாரத்தின் எண்கள், தூங்கிய மணிநேரம், காலையில் என்ன சாப்பிட்டுவிட்டு வந்தாள், சமீபத்தில் காய்ச்சல் வந்ததா என்ற நான்கையும் குறியுங்கள். பெண் பிள்ளையென்றால், மாதவிடாய் மூன்று மாதம் வராமல் இருக்கிறதா என்பதை ஆசிரியை ஒருவர் தனியாகக் கேட்கட்டும்; வரவில்லையென்றால் ஓட்டம் லேசாகிவிட்டது என்று சந்தோஷப்படும் பழைய பழக்கம் இருந்தால் அதை விட்டுவிடுங்கள். அந்தத் தாளோடு பெற்றோரை அரசு மருத்துவமனைக்கு அனுப்பி, ஹீமோகுளோபினிலிருந்து தொடங்கச் சொல்லுங்கள். பிளஸ் ஒன், பிளஸ் டூ அணிப் பிள்ளைகளுக்குப் பயிற்சிநாட்களிலாவது ஒரு வேளை உணவுக்கு வழியுண்டா என்று தலைமையாசிரியரிடமும் பெற்றோர் ஆசிரியர் கழகத்திடமும் கேட்கும்போது, அந்த நோட்டையே கொண்டுபோய்க் காட்டலாம். வேண்டுகோளைவிட எண்கள் அங்கே நன்றாகப் பேசும்.

அன்புடன்,
விளையாட்டைப் பற்றி எழுதுபவர்களில் ஒருவர்